கோஷாலுக்கு முன்னால்

லக்ஷ்மிநாராயணன் பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலையும் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, ஷூ மாட்டிக்கொண்டு ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஆபீஸ் கார் இனி வராது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. காலுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

ஓர் அரசு வங்கியில் கிழக்கு மண்டலம் முழுவதற்குமான பர்சனல் டிபார்ட்மென்ட் அவர் கையில் இருந்தது. யார் கல்கத்தாவிலேயே காலம் தள்ளலாம், யார் சில்சாருக்கு மூட்டை கட்ட வேண்டும் என்பதையெல்லாம் அவருடைய கையெழுத்து தீர்மானித்தது. துர்கா பூஜை வந்தால் பாலிகஞ்ச் வீட்டு ஃப்ரிட்ஜில் ஊழியர்கள் அனுப்பும் சந்தேஷ் இனிப்புப் பெட்டிகளுக்கு இடம் போதாது. மனைவி ஜெயலக்ஷ்மி மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் கொடுத்தனுப்புவாள். ஓய்வு பெற்ற வருஷம் பூஜைக்கு ஒரே ஒரு பெட்டிதான் வந்தது. அதுவும் எதிர் ஃப்ளாட்டுக்குப் போக வேண்டியது, கொண்டுவந்தவர் மணியை மாற்றி அடித்துவிட்டார்.

ஆள்வதற்கு ஆளில்லாமல் அவர் சமையலறைக்குள் புகுந்தார். டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கி, துவரம்பருப்பை மேல் தட்டுக்கும் பயத்தம்பருப்பைக் கீழ்த் தட்டுக்கும் அனுப்பினார். ஜெயலக்ஷ்மி அன்று மாலை வரை பொறுத்துப் பார்த்தாள்.

"ஏன்னா, இது உங்க டிபார்ட்மென்ட் இல்லை. பருப்பையெல்லாம் டிரான்ஸ்ஃபர் பண்ணாதேள். லேக்குக்குப் போய் இன்னும் ரெண்டு சுத்து நடந்துட்டு வாங்கோ."

லேக் என்றால் ரவீந்திர சரோபர். அங்கே அவர் முப்பது வருஷமாகத் தினமும் நடப்பவர். சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. அதை அவர் தன்னுடைய நிர்வாகத் திறமையில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அவரை ஓட்டத்தில் தள்ளியது மகள் ஹம்சினி. நியூ டவுனில் பதினெட்டாவது மாடியில் இருந்துகொண்டு, எதிர் கட்டடத்தில் வேலை பார்ப்பவள். அவள் தமிழ் பேசினால் வங்காளம் கலக்கும், வங்காளம் பேசினால் தமிழ் கலக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவள் சொன்னாள்:

"அப்பா, எங்க ஆபீஸ்ல எல்லாரும் ஒரு டிரெயில் சீரிஸ்ல சேர்ந்திருக்காங்க. காடு, மலைன்னு தார் ரோடு இல்லாத இடத்துல ஓடறது. டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் நாலு ரேஸ். உங்களுக்கு டென் கே நல்லா இருக்கும். ஜாலியா ஆஸ்தே ஆஸ்தே நடக்கலாம்."

அவர் அன்றிரவே அந்தத் தொடரின் இணையதளத்தைப் படித்தார். பத்து கிலோமீட்டரில் ரேங்கிங் இல்லை என்று தெரிந்ததும் அதன்மேல் மதிப்புப் போய்விட்டது. ஐம்பது கிலோமீட்டரில் எல்லாம் இருந்தது. வயது வாரியாகப் பிரிவுகள், ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளிகள், நாலையும் முடித்தவர்களுக்கு ஒரு ஜாக்கெட், கூடவே ஒரு அப்பீல் கமிட்டி. அந்த வார்த்தையைப் பார்த்ததும் லக்ஷ்மிநாராயணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விதிமுறைகளை அச்செடுத்து ஸ்பைரல் போட்டு வைத்துக்கொண்டார். எப்படி ஓடுவது என்பதற்கு அதில் ஒரு பக்கம்தான் ஒதுக்கியிருந்தார்கள். எப்படி ஓடக்கூடாது என்பதற்கு மிச்சம் அத்தனையும்.

கல்கத்தாவில் மலை கிடையாது. மேடு என்று சொல்லிக்கொள்ள இருக்கும் மேம்பாலங்களிலோ நடப்பவர்களை விடமாட்டார்கள். ஆகவே அவர் வாரத்தில் மூன்று நாள் ஹம்சினியின் கட்டடத்துக்குப் போய் மாடிப்படி ஏறி இறங்கினார். முதுகோடு ஒட்டிய தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய், முழங்கால் வரை கறுப்பு இறுக்கு நிஜார். ஜெயலக்ஷ்மி அந்த நிஜாரைத் துவைத்துக் கொடியில் போட மறுத்துவிட்டாள். பால்கனி வாசலைப் பார்த்து இருக்கிறது என்பது அவள் சொன்ன காரணம். இரண்டாவது வாரமே கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: படிக்கட்டில் ஒரு வயதானவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நிற்கிறார், உள்ளாடையில் இருப்பதுபோல் தெரிகிறது, யார் வீட்டைச் சேர்ந்தவர் என்று அறிந்தவர்கள் தெரிவிக்கவும். ஹம்சினி அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

முதல் பந்தயம் டிசம்பரில், புருலியாவின் அயோத்யா மலையில். விடிவதற்கு முன் துவக்கக் கோட்டில் வெடவெடவென்று நின்ற கூட்டத்தில் பெரும்பாலும் இளவட்டங்கள். அவரைப் பார்த்ததும் "காகு, செல்ஃபி" என்று இரண்டு பேர் வந்து தோளில் கை போட்டார்கள். துணைப் பொது மேலாளராக இருந்தவரின் தோளில் முன்பின் தெரியாதவன் கை போட்டுச் சித்தப்பா என்று கூப்பிடுவது இதுவே முதல் தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் அந்தக் குரங்குக் குல்லாயைப் பார்த்தார். காதையும் கழுத்தையும் மூடிக்கொண்டு முகத்தை மட்டும் வெளியே விடும் மரூன் நிறக் கம்பளிக் குல்லா. கல்கத்தாவில் பனிக்காலம் வந்தால் பாதி வங்காளிகள் தலையில் அதுதான் இருக்கும். அதற்குக் கீழே தோளில் ஒரு துணிப்பை, கக்கத்தில் ஒரு கறுப்புக் குடை. அந்த ஆள் திரும்பி, "நமஸ்கார் ஸார், நீங்களும் பைத்தியக்காரர் ஆயிட்டீங்களா?" என்று வங்காளத்தில் கேட்டார்.

தாராபத கோஷால். ஒரு காலத்தில் இவருடைய வங்கியிலேயே வேலை பார்த்தவர்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு பனிக்காலக் காலையில், மண்டல அலுவலகக் கூட்டத்தில், லக்ஷ்மிநாராயணன் ஒழுக்கம் பற்றி எழுதி வைத்த உரையை வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் இருந்த கோஷால் பையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து உரித்தார். வாசனை மேடைவரைக்கும் வந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு இரண்டு சுளை கொடுத்தார். யாரோ சிரித்தார்கள். அடுத்த வாரம் கோஷாலுக்கு மாற்றல் உத்தரவு போனது. புருலியா மாவட்டத்தின் கோடியில், அறுவடைக் காலத்தில் யானை இறங்கும் ஒரு கிராமக் கிளைக்கு. கோஷால் பிறகு அங்கேயே இருந்து முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டதாகக் கேள்வி.

இப்போது வந்திருக்கிறான். அறுபது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில், நாலு பந்தயத்துக்கும் பெயர் கொடுத்தவர்கள் அந்த இரண்டு பேர் மட்டுமே. இது தற்செயல் என்று நம்புவதற்கு லக்ஷ்மிநாராயணன் அத்தனை வருஷம் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் இருந்திருக்க வேண்டியதில்லை. பழி வாங்கத்தான் வந்திருக்கிறான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

ஓட்டம் தொடங்கி இளவட்டங்களெல்லாம் சால் மரங்களுக்குள் மறைந்த பிறகு, மலையில் மிஞ்சியது இந்த இருவரும், இவர்களுக்குப் பின்னால் வந்த ஸ்வீப்பர்களும். ஸ்வீப்பர் என்பவர் கடைசி ஆளுக்குப் பின்னாலேயே வந்து, வழிகாட்டும் கொடிகளைக் கழற்றி, யாரும் காட்டில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்பவர். லக்ஷ்மிநாராயணன் அந்தச் சொல்லைப் பழைய அர்த்தத்திலேயே புரிந்துகொண்டு, காலி பிஸ்கட் உறையை ஒரு பெண்ணிடம் நீட்டினார். அவள் இதய அறுவை டாக்டர் என்பது சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது.

கோஷால் ஓடவே இல்லை. குடையை ஊன்றிக்கொண்டு, அடுத்த தெருவில் மீன் வாங்கப் போகிறவர்போல நடந்தார். ஒவ்வொரு கிராமத்திலும் நின்று டீ குடித்தார். அவர் டீ குடிக்கும்போதெல்லாம் லக்ஷ்மிநாராயணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முந்தினார். அடுத்த ஏற்றத்தில் பின்னாலிருந்து குடை டக் டக்கென்று வரும், "ஸார், கொஞ்சம் சைடு" என்று சொல்லிக் கடந்து போகும். கடைசியில் கோஷால்தான் முதலில் முடித்தார்.

லேக்கில் தன்னுடைய நடை நண்பர்களிடம் லக்ஷ்மிநாராயணன், "என் ஏஜ் குரூப்பில் செகண்ட்" என்று சொன்னார். எத்தனை பேரில் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் பேச்சை மாற்றியிருந்தார்.

இரண்டாவது பந்தயம் ஜனவரியில், ஜார்கிராம் காட்டில். இந்த முறை அவர் தயாராக வந்தார். தயிர் சாதத்தை நன்றாகக் குழைத்து, நுனி வெட்டிய பிளாஸ்டிக் பையில் போட்டு, நடந்துகொண்டே வாய்க்குள் பிதுக்கிக்கொள்ளும்படி ஜெயலக்ஷ்மியைத் தயாரிக்கச் சொன்னார். அவள் செய்து கொடுத்தாள். கொடுக்கும்போது, "ஹம்சினிக்கு அன்னப்பிராசனம் ஆனப்போ இப்படித்தான் பிசைஞ்சேன்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று அவர் ஜெயித்தார். பாதி வழியில் ஒரு கிராமத்தில் பொங்கல் காலத்துச் சேவல் சண்டை நடந்துகொண்டிருந்தது. கோஷால் குடையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டார். லக்ஷ்மிநாராயணன் தலையைக் குனிந்துகொண்டு, நிழல்கூட அவர்மேல் விழாதபடி வேலியோரமாகப் பதுங்கிக் கடந்தார். அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர், கறுப்பு நிஜாரில், முதுகில் பையுடன், முள்வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து போனதை அந்த ஊர்ப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அந்த வெற்றி ஊரில் பரவ அவர் ஆவன செய்தார். பேட்டைத் தமிழ் மன்றத்தின் செயலாளர் சண்முகம் லேக் மார்க்கெட்டில் பலகாரக் கடை வைத்திருப்பவர். யாருக்காவது பொன்னாடை போர்த்தாவிட்டால் அவருக்கு மாதம் போனதாகவே இருக்காது. பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு ஹாலில் கூட்டம் கூடியது. முதுகுக்குப் பின்னால் "மலை வென்ற மாமனிதர்" என்று பேனர். ஜார்கிராமில் மலையே கிடையாது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. லக்ஷ்மிநாராயணன் நெடுந்தூர ஓட்டமும் நிர்வாகமும் என்ற தலைப்பில் பேசினார். பின்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய், காபி வந்ததும் திரும்பி வந்தார்கள்.

"நடந்துதானே போனேள்? ஓடினேன் ஓடினேன்னு சொன்னேளே," என்றாள் ஜெயலக்ஷ்மி, வீட்டுக்கு வரும் டாக்ஸியில்.

"டெக்னிக்கலா அதுக்குப் பேர் பவர் ஹைக்கிங்."

"சரி," என்றாள் அவள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதால் முகம் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

கலிம்போங்கில் நடந்த மூன்றாவது பந்தயம் அவருடைய மாமனிதத்தைச் சோதித்துவிட்டது. நாள் முழுக்கத் தூறல். அவருடைய விலை உயர்ந்த மழைச்சட்டைக்குள் வெளியே பெய்வதைவிட அதிகமாகப் பெய்தது. கோஷால் குடையை விரித்துக்கொண்டார். இறக்கத்தில் மடக்கி ஊன்றினார், தூறல் வந்தால் விரித்தார், மறுபடி மடக்கினார். லக்ஷ்மிநாராயணன் முடிவுக் கோட்டை அடைந்தபோது கோஷால் குளித்து, சட்டை மாற்றி, மோமோ தின்றுகொண்டிருந்தார். "வாங்க ஸார், சூடா இருக்கு" என்று தட்டை நீட்டினார். இதைவிடப் பெரிய அவமானத்தை ஒரு மனிதன் இன்னொருவனுக்குச் செய்ய முடியும் என்று லக்ஷ்மிநாராயணனுக்குத் தோன்றவில்லை.

கல்கத்தா திரும்பியதும் அப்பீல் கமிட்டிக்கு மின்னஞ்சல் எழுதினார். பத்தி பத்தியாக எண் போட்ட மனு. மலையேற்றக் கோல் அனுமதிக்கப்பட்டது, மழைச்சட்டை அனுமதிக்கப்பட்டது; ஆனால் இரண்டையும் ஒரே பொருளில் இணைத்துப் பயன்படுத்துவது நியாயமற்ற சாதகம், ஆகவே மேற்படி நபரின் புள்ளிகள் ரத்து செய்யப்பட வேண்டும். அவ்வளவு நல்ல இங்கிலீஷ் எழுதி ரொம்ப நாளாகிவிட்டிருந்தது. எழுதி முடித்து இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பார்த்தார்.

பதில் நாலு வரியில் வந்தது. குடைக்குத் தடை இல்லை. ஆனால் தங்கள் மனுவை ஒட்டி விதிகளைச் சரிபார்த்ததில், ஒரு வயதுப் பிரிவு செல்லுபடியாகக் குறைந்தது மூன்று பேர் தேவை என்பது கவனத்துக்கு வந்தது. எனவே அறுபது வயதுப் பிரிவு கலைக்கப்பட்டு, இருவரும் ஐம்பது வயதுப் பிரிவில் சேர்க்கப்படுகிறார்கள். கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி. புதிய தரவரிசையில் அவருக்குக் கீழே யாரும் இல்லை. மேலே கோஷால்.

ஹம்சினி அதை அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். "ஆரே பாபா," என்றாள் மெதுவாக. "அப்பா, உங்க டிபார்ட்மென்ட்டை நீங்களே மூடிட்டீங்க."

ஆக, மார்ச் கடைசியில் நாலாவது பந்தயத்துக்குப் போகும்போது அவருக்கு இரண்டு ஆசைகள்தான் பாக்கி. கெடுவுக்குள் முடித்து அந்த ஜாக்கெட்டை வாங்க வேண்டும். கோஷாலுக்கு முன்னால் முடிக்க வேண்டும். வங்கிக்காரர்களுக்கு மார்ச் கடைசி என்றால் கணக்கு முடிக்கும் நாள். டார்ஜிலிங் மெயிலில் மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு அவர் கோஷாலிடம் சொல்லப்போவதை ஒத்திகை பார்த்தார். ஜெயித்த பிறகு, பெருந்தன்மையாக, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும்: மிஸ்டர் கோஷால், நிர்வாகத்தில் சில கடினமான முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் அதை மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடாது.

பந்தயம் சிங்கலீலா மலைத்தொடரில், மானேபஞ்சனிலிருந்து ஏறிப் போய்த் திரும்பி வருவது. கல் பாவிய செங்குத்தான பாதை. மூச்சு வாங்கும் உயரம். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கி, முன்னால் போகிறவரின் முதுகே தெரியவில்லை. திரும்பி வரும் வழியில், கடைசிச் சோதனைச் சாவடிக்குக் கொஞ்ச தூரம் முன்னால், ஒரு பாறையில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மரூன் குல்லா.

கோஷால் ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டிருந்தார். கெண்டைச் சதை இழுத்துப் பிடித்துக்கொண்டுவிட்டது. குடை பக்கத்தில் கிடந்தது.

லக்ஷ்மிநாராயணன் மணியைப் பார்த்தார். சாவடியை மூடிவிட்டால் அதோடு ஓட்டம் முடிந்தது; மூடுவதற்குள் போய்ச் சேரத் தாராளமாக நேரம் இருந்தது. மூன்று மாதம் கனவு கண்ட காட்சி கண்முன்னால். கையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். போயிருந்தால் ஜாக்கெட்டும் கிடைத்திருக்கும். ஆனால் ஒத்திகை பார்த்த வசனம் நெஞ்சுக்குள் நிற்கிறது. கேட்க ஆள் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர் நின்றார். தண்ணீர் கொடுத்தார். உப்பு மாத்திரை ஒன்று கொடுத்தார்.

கோஷால் நன்றி சொல்லி, பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தார். "ஸார், ரெண்டு சுளை?"

லக்ஷ்மிநாராயணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மிஸ்டர் கோஷால். அந்த மாற்றலைப் பற்றி உங்களிடம் நேரடியாகப் பேச வேண்டும் என்று நினைத்தேன்."

"எந்த மாற்றல்?"

"புருலியாவுக்கு. நிர்வாகத்தில் சில கடினமான முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும்."

"ஓ, அதுவா." கோஷால் ஒரு விதையைத் துப்பினார். "அது எங்க பழைய மேனேஜர் வேங்கடாசலம் ஸார் செய்த உபகாரம் இல்லையா? நல்ல மனுஷர். போய்ச் சேர்ந்துட்டார்னு கேள்விப்பட்டேன்."

"வேங்கடாசலம் இல்லை. நான்."

கோஷால் அவரைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். மூடுபனி கண்ணாடியில் படிந்திருந்ததால் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "நீங்களும் நம்ம பேங்க்கா? எந்த செக்ஷன்?"

"என்னை அடையாளம் தெரிந்துதானே முதல் நாளே நமஸ்காரம் சொன்னீர்கள்? ஸார் என்று கூப்பிட்டீர்கள்?"

"நான் எல்லாரையும் ஸார்னுதான் கூப்பிடுவேன். வம்பு இல்லை பாருங்க. இருங்க, இருங்க. உங்க முகம் பார்த்த மாதிரிதான் இருக்கு." அவர் நெற்றியைத் தேய்த்தார். "ஸ்டேஷனரி. பேனா, ரிஜிஸ்டர் எல்லாம் கொடுப்பீங்களே. ரெண்டாவது மாடியில."

லக்ஷ்மிநாராயணன் தன் வாழ்நாளில் யாரிடமும் இவ்வளவு மன்றாடியதில்லை. தான் பர்சனல் டிபார்ட்மென்ட்டின் தலைவராக இருந்ததையும், எட்டாவது மாடி அறையையும், அறைக்கு வெளியே எரியும் சிவப்பு விளக்கையும் சொன்னார். கூட்டத்தில் ஆரஞ்சு உரித்ததைச் சொன்னார். யாரோ சிரித்ததைச் சொன்னார். கோஷால் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பனிக்காலத்தில் தான் எல்லாக் கூட்டத்திலும் ஆரஞ்சு தின்பது வழக்கம் என்றார்.

"ஆரஞ்சுக்காக யாராவது ஒருத்தனை யானைக்காட்டுக்கு அனுப்புவாங்களா, ஸார்? சும்மா சொல்றீங்க."

"அனுப்பினேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன். உங்களைப் பழி வாங்குவதற்காகவே அனுப்பினேன்."

தன் வாயால் இப்படிச் சொல்லும் நாள் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.  கோஷால் கடைசிச் சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்படின்னா உங்களுக்கு நான் தாங்க்ஸ் சொல்லணும்," என்றார். "அங்கே போய்த்தான் நடக்கக் கத்துக்கிட்டேன். கிளைக்கும் வீட்டுக்கும் நடுவிலே ஒரு மலை. சர்க்கரை இறங்கிப்போச்சு. கல்கத்தாவிலே இருந்திருந்தா இந்நேரம் செத்திருப்பேன். ஆனா எனக்கென்னவோ அது வேங்கடாசலம் ஸார்னுதான் தோணுது. நீங்க கோவிச்சுக்காதீங்க."

பின்னாலிருந்து கொடிகளை உருவிக்கொண்டு ஸ்வீப்பர்கள் வந்துவிட்டார்கள். அதே டாக்டர் பெண். "காகு, சாவடி மூடிட்டாங்க," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் இங்கே இவ்வளவு நேரமா என்ன சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்க? சத்தம் மேலே வரைக்கும் கேட்டுது."

இருவரையும் ஒரு ஜீப்பில் ஏற்றி மானேபஞ்சனுக்கு இறக்கினார்கள். குலுக்கலில் கோஷால் லக்ஷ்மிநாராயணனின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வழியெல்லாம் குறட்டை. வாயில் ஆரஞ்சு வாசனை. கீழே முடிவுக் கோட்டருகே ஜாக்கெட்டுகள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேஜைமேல் அடுக்கியிருந்தன. அளவு வாரியாக, பெயர் வாரியாக. இவர்கள் இருவருடையதையும் ஒரு தன்னார்வலர் தனியே எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். கோஷாலோ பெட்டியை எட்டியும் பார்க்காமல், எங்கே டீ கிடைக்கும் என்று விசாரித்தார்.

லக்ஷ்மிநாராயணன் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினார். கால் பெருவிரல் நகங்கள் கறுத்துவிட்டிருந்தன. ஜெயலக்ஷ்மி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். கால் ஊறிக்கொண்டிருந்தபோது அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஆரஞ்சு, குடை, வேங்கடாசலம், ஸ்டேஷனரி. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"நிஜமாவே அவருக்கு ஞாபகம் இல்லையா?"

"இல்லை."

"அப்போ மத்தவாளுக்கும் இருக்காதோ என்னமோ." அவள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "இத்தனை வருஷமா கரியாஹாட்ல எந்தப் பேங்க்காரர் பொண்டாட்டி எதிர்ல வந்தாலும் நான் ரோடைக் கிராஸ் பண்ணி அந்தப் பக்கம் போயிண்டிருக்கேன். பஸ் அடிச்சுப் போட்டிருக்கும் ஒரு நாள். வீண்தானா அதெல்லாம்?"

இதை அவர் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. சந்தேஷ் பெட்டிகளை அவள் மாடிக்கும் கீழுக்கும் கொடுத்தனுப்பியது ஃப்ரிட்ஜில் இடம் இல்லாததால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை இருவரும் கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் போனார்கள். ஷூ போட முடியாமல் அவர் செருப்பில் நொண்டிக்கொண்டு பையைத் தூக்கி வந்தார். காய்கறி வரிசையில், தலை நரைத்த ஒரு வங்காளி அம்மாள் பட்டோல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜெயலக்ஷ்மியின் கால் பழக்க தோஷத்தில் ஒருமுறை திரும்பியது. பிறகு நின்று, நேராக அவளிடமே போனாள். "மிஸஸ் சன்யால், நல்லா இருக்கீங்களா? எங்காத்துக்காரர்," என்று வங்காளமும் தமிழுமாகச் சொல்லிப் பின்னால் கையைக் காட்டினாள்.

மிஸஸ் சன்யால் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

"தெரியும்," என்றாள். "மால்டா. என் வீட்டுக்காரரை அங்கே மாத்தினீங்க. என் பெண் பன்னிரண்டாம் வகுப்பு படிச்ச வருஷம். ஒரே ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கன்னு கேட்க உங்க அறைக்கு நானே வந்தேன். எட்டாவது மாடி. வெளியே சிவப்பு விளக்கு எரிஞ்சுது. ரொம்ப நேரம் நிற்க வெச்சீங்க. உள்ளே விட்டப்போ ஏதோ படிச்சுக்கிட்டிருந்தீங்க. தலையைத் தூக்கவே இல்லை."

கேட்ட அந்தக் கணத்தில், வெளியில் சொல்லவே கூடாது, லக்ஷ்மிநாராயணனுக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. எட்டாவது மாடி. சிவப்பு விளக்கு. சாட்சி இருக்கிறது. அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள்ளேயே அதற்காக அவருக்குக் காது சுட்டது.

"மிஸ்டர் சன்யால் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டுவைத்தார்.

"அவர் அங்கேயே இருந்துட்டார். வேற குடும்பம். நாங்க இங்கே." அவள் கடைக்காரரிடம் பட்டோலைத் தராசில் போடச் சொன்னாள். "உங்க கால்ல என்ன?"

"ஓடினதுல," என்றார்.

"இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவள் அடுத்த கடைக்கு நகர்ந்தாள்.

ஜெயலக்ஷ்மி அவள் போன பக்கமே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, அதே கூடையிலிருந்து பட்டோலை ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். "பையைப் பிடிங்கோ," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். அவர் பையை விரித்துப் பிடித்தார்.